எர்த் கொடுத்த எஞ்சின்

பத்து நாட்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், ஹட்டனிலுள்ள எனது வீட்டு மேசையின் மீது, ஒரு சாண் நீளமுள்ள புகையிரத எஞ்சின் ஒன்றை நான் கொன்றுவிட்டேன்.

ஆயுதம் — இரண்டு அங்குலச் செப்புக் கம்பி. நோக்கம் — பாதுகாப்பு.

அந்த எஞ்சின் என்னுடையதாக இருந்திருந்தால் இங்கே ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். என் பொருட்களை நானே கெடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் ஒரு செய்தியே அல்ல. ஆனால் அது என் நண்பருடையது. அதனால்தான் இந்த வாரம் வாக்குமூலம்.

இப்பத்தியைத் தவறாது வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பு, இதே இடத்தில், சற்று உரத்த குரலில் ஓர் அறிவித்தல் விடுத்திருந்தேன். எங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு பொம்மை ரயில்களை ஓட்டிக் காட்டுவேன். ஒன்று நிற்கும்போது மற்றது ஓடும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் செல்லும்... நான் எதையாவது உரத்த குரலில் அறிவித்தால் அதன்பின் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

லண்டனிலுள்ள எனது மருமகன் அனுப்பிவைத்த ஒரு பார்சலில் தொடங்கியது வினை. அதனுள் ஒரு டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதற்கேற்ற புதிய எஞ்சின் ஒன்று, உதிரியாக ஒரு டிகோடர். டிகோடர் என்பது விரல் நகத்தளவே உள்ள ஒரு மின்சுற்றுத் தகடு. அதனைப் பழைய எஞ்சின் ஒன்றின் வயிற்றுக்குள் பொருத்தினால் அதுவும் டிஜிட்டல் ஆகிவிடும்.

பழைய முறையில், தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் அதன் மீதுள்ள எல்லா எஞ்சின்களும் சேர்ந்தே ஓடும். புதிய முறையில், மின்சாரம் எப்போதும் இருக்கும்; கட்டளை மட்டும் எண் வாரியாகப் போகும். தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது பெயருக்குரியவர் மட்டும்தானே முன்னால் வருகிறார்? அதே ஒழுங்குதான்.

சரி, இரண்டாவது எஞ்சினுக்கு எங்கே போவது?

மூன்று வீடு தள்ளி இருக்கிறார் சிவகுரு. இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர். பிறந்தது யாழ்ப்பாணம், உத்தியோகம் முழுவதும் இந்த மலைகளில். பேச்சு மட்டும் இன்றுவரை வடக்கைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு தோட்டத்துரை ஒருவர் தாய்நாடு திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நாற்காலி, கட்டில் வாங்கப் போனவர்களுக்கிடையில் இவர் ஒரு கறுப்பு நீராவி எஞ்சினையும் நான்கு பெட்டிகளையும் ஒரு வட்டத் தண்டவாளத்தையும் வாங்கிவந்தார். எஞ்சினைப் பிளனல் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். ஞாயிறு மாலைகளில் வெளியே எடுத்து, பத்துச் சுற்று ஓடவிட்டு, துடைத்து, திரும்பவும் டின்னுக்குள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் வழக்கம்.

“எத்தினையோ எஞ்சினுக்குப் பச்சைக்கொடி காட்டியிருக்கிறன். என்ர கையால ஓடினது இது ஒண்டுதான்” என்று ஒருமுறை சொன்னார். அதிகம் பேசாதவர். எனவே நினைவில் நிற்கிறது.

அந்த எஞ்சினைத்தான் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு டின்னோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இது ஓடிக்கொண்டு வந்தது. ஓடிக்கொண்டே திரும்பி வரவேணும்.”

“மாஸ்டர், நம்ம கையில குடுத்துட்டீங்கள்ல. இனி என்னாங்க கவலை?”

அவர் முகத்தில் கவலை தெளிவாகவே தெரிந்தது.

இங்கே என் தகுதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் டீமேக்கராக இருந்து இளைப்பாறியவன் நான். தபாலில் வரவழைத்த புத்தகங்களைக் கொண்டு மின்சாரத்தை எனக்கு நானே கற்பித்தேன். அந்த ஆசிரியருக்கு மாணவன் மீது எல்லையற்ற நம்பிக்கை. மாணவனுக்கும் அவ்வாறே.

எனக்கு ஒரு விதி உண்டு. இயந்திரத்தின் உடலுக்கு எர்த் கொடு; கசியும் மின்சாரம் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போகட்டும். ஒரு மழைக்காலத்தில் தேயிலை உருட்டும் எங்கள் ரோலிங் அறையில் ஓர் இயந்திரத்தின் எர்த் கம்பி கழன்று கிடந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அதைத் தொட்ட தொழிலாளி தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது, வலக்கையில் பழைய பலம் திரும்பவே இல்லை. அதன் பின்னர் இளைப்பாறும் நாள்வரை, ஒவ்வொரு காலையும் டோர்ச் விளக்குடன் ஒவ்வோர் இயந்திரத்தின் அடியிலும் குனிந்து பார்த்த பிறகே தேநீரைத் தொட்டேன்.

இனி, டிகோடருடன் வந்த விளக்கத் தாளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் நான்கு பக்கங்கள். மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை. மோட்டாரின் எந்த முனையும் எஞ்சினின் உலோக உடலைத் தொடவே கூடாதாம். தொட்டால் தண்டவாளத்து மின்சாரம் உடல் வழியே பாய்ந்து டிகோடர் கருகிவிடுமாம். பழைய எஞ்சின்களில் அவ்வாறான தொடர்பு ஏற்கெனவே இருக்குமாம். அதைக் கண்டுபிடித்துத் துண்டிக்க வேண்டுமாம்.

வாசித்ததும் எனக்குச் சினம் வந்தது. மோட்டாருக்கும் உடலுக்கும் தொடர்பே இருக்கக் கூடாதா? இதை எழுதியவர் ஒரு நாளாவது தொழிற்சாலைக்குள் நின்றிருப்பாரா?

சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில், “பிழை. எர்த் அவசியம்” என்று எழுதி, தேதியுமிட்டுக் கையொப்பமும் வைத்தேன்.

கையொப்பம் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு காலத்தில் தொழிற்சாலைக் குறிப்பேட்டைத் திருத்திக் கையொப்பமிட்ட கை. தானாகவே ஓடிவிட்டது.

எஞ்சினைத் திறந்து பார்த்தபோது மோட்டாரின் ஒரு முனை உடலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. என் எழுபது வயதுக் கண்களில் மகிழ்ச்சி. அந்தத் தொடர்பு போதாதென்று, மேலும் ஒரு செப்புக் கம்பியைச் சேர்த்து, பற்றவைத்து, உறுதியாக்கினேன். டிகோடரின் நிறநிறமான கம்பிகளை உரிய இடங்களில் இணைத்தேன். தண்டவாளத்தில் வைத்தேன். பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

மெல்லிய ஒரு சத்தம். ஊதுபத்திப் புகையைப் போல நீலமாக ஒரு கோடு எழுந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று கண்சிமிட்டியது. அவ்வளவுதான்.

தேயிலைத்தூள் தீய்ந்திருந்தால் தொழிற்சாலை வாசலில் வைத்தே மூக்கால் சொல்லிவிடும் டீமேக்கர் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்த மூக்கு அன்று, அடுத்த வீட்டில் எதையோ அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தது.

“ஏங்க, என்னமோ கருகுதே” என்று அடுப்பங்கரையிலிருந்து மனைவி பார்வதியின் குரல்.

“பக்கத்து வீட்டுலதான்.”

“பக்கத்து வீட்டுல ஆளே இல்ல. எல்லாரும் ராகலைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க.”

ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

புதன், வியாழன் இரண்டு நாட்களும் வாசற்பக்கம் போகாமல் இருந்தேன். சிவகுருவின் குடை தெருவில் தெரிந்தால் குளியலறை. அவர் ஆளனுப்பிக் கேட்டபோது, பணி நுணுக்கமானது, நடைபெற்று வருகிறது என்று எழுதியே அனுப்பினேன். அதாவது, இறந்துபோன எஞ்சினுக்குக் கடிதமூலம் உடல்நிலை அறிக்கை. சனிக்கிழமை விழா. மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர், எந்த பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வரலாம் என்று கேட்டு எழுதியிருந்தார். ஆனால் என்னை அரித்தது விழா அல்ல. அந்தப் பிஸ்கட் டின். ஞாயிறு மாலை அதைத் திறக்கும்போது அந்த மனிதர் என்ன செய்வார்?

வெள்ளிக்கிழமை காலை கொட்டும் மழையில் அவரே வந்துவிட்டார். குளியலறையில் பார்வதி இருந்தாள். எனக்கு ஒளிய இடமில்லை.

மேசையருகே போனார். எஞ்சினைக் கையிலெடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

நான் தொடங்கினேன். மின்னோட்டத்தின் எதிர்பாராத தன்மை பற்றி, உற்பத்தியாளர்களின் அலட்சியம் பற்றி, மலைநாட்டு ஈரப்பதம் பற்றி... ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். முழுவதையும் கேட்டுவிட்டு, விளக்கத் தாளைக் கேட்டார். கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இந்தச் சிவப்புக் கோடு ஆர் போட்டது?”

கையொப்பம் இருந்தது. மறுக்க வழியில்லை.

“நான்தாங்க. பெரிய தப்புப் பண்ணிட்டேன், மாஸ்டர். அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. நான்தான் அதையும் திருத்திட்டேன்.”

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

“ஒரு லைனுக்குள்ள ரெண்டு ட்ரெயினை விடாமப் பாத்ததுதான் என்ர உத்தியோகம்” என்றார். “நீர் அதைச் செய்து காட்டுறன் எண்டு பேப்பரில எழுதினீர். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. எண்டாலும் தந்தன். ஏன் தெரியுமே? ஒருக்கா எண்டாலும் பாக்கவேணும் எண்டு எனக்கும் ஆசை.”

அந்தச் சொல்லைக் கேட்டபின், ஈரப்பதத்தைப் பற்றிப் பேசிய என் வாயை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கழட்டும். எல்லாத்தையும் கழட்டும். நான் சொல்லச் சொல்ல.”

கருகிய டிகோடரை எடுத்தேன். செப்புக் கம்பியைப் பிரித்தேன். இரண்டே கம்பிகளைப் பழையபடி மோட்டாருடன் இணைத்தேன். இதற்கிடையில் அவர் தன் வீட்டிலிருந்து பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து தண்டவாளத்தில் பொருத்தினார். பிடியை மெதுவாக முன்னால் தள்ளினார். எஞ்சின் அசையவில்லை. இன்னும் சிறிது தள்ளினார். அசையவில்லை. என் பக்கம் திரும்பாமல், தன் கைக்குட்டையால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மறுபடியும் வைத்தார்.

ஓடியது.

பின்னால் ஓடியது. பிடியை முன்னால் தள்ளினால் எஞ்சின் பின்வாங்குகிறது. பின்னால் இழுத்தால் முன்னேறுகிறது. மீண்டும் இணைத்தபோது இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிவிட்டிருந்தேன்.

“ஒரே நிமிஷங்க, மாத்திக் குடுத்துருறேன்” என்று திருப்புளியை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஓடுற எஞ்சினை இனித் திறக்கவேண்டாம்.”

பிறகு மற்றக் கையை நீட்டினார். “அந்தச் சிவப்புப் பேனையைத் தாரும்.”

ஒற்றைத் தண்டவாளப் பாதையில், நிலைய அதிபரிடமிருந்து டப்லட் என்ற அனுமதி வில்லை கைக்கு வராமல் சாரதி வண்டியை நகர்த்த முடியாது, நீங்கள் அறிவீர்கள். அன்றிலிருந்து எங்களுக்கிடையிலும் அதே சட்டம். நான் எந்தப் பெட்டியைத் திறப்பதாயினும் சிவப்புப் பேனா அவரிடம் இருக்க வேண்டும். அதன் பிறகே திருப்புளி என் கைக்கு வரும்.

சனிக்கிழமை வாசிகசாலையில் நல்ல கூட்டம். இரண்டு ரயில்களையும் சேர்த்து ஓட்டவில்லை. லண்டன் எஞ்சின் ஐந்து நிமிடம், சிவகுருவின் எஞ்சின் ஐந்து நிமிடம் என்று முறை வைத்தோம். ஒன்று ஓடும்போது மற்றது டின்னுக்குள். நிலைய அதிபர் வெள்ளைச் சட்டையணிந்து, பழைய எஞ்சினைத் தன் கையாலேயே ஓட்டினார்.

மஸ்கெலியா வாசகர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முன்வரிசையில் நின்று சிவகுருவின் கையையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

“ஐயா, பின்னுக்கு இழுத்தா முன்னுக்குப் போவுதுங்களே... இதைத்தான் டிஜிட்டல்னு எழுதியிருந்தீங்களா?”

அன்பர்களே, உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம் என் தலை ஆமென்று அசையப் பார்த்தது. அதற்குள் சிவகுரு நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை மட்டும் ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

“இல்லீங்க” என்றேன். “அது என் பிழைங்க. டிஜிட்டல் கருகிப்போயிருச்சு.”

கூட்டம் சிரித்தது. சிவகுருவும் சிரித்தார். இருபது ஆண்டுப் பழக்கத்தில் அவரது பற்களை நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் ஞாயிறு மாலை, மூன்று வீடு தள்ளி, அந்த எஞ்சின் வழக்கம்போலப் பத்துச் சுற்று ஓடிவிட்டு டின்னுக்குள் போனது.

லண்டனிலிருந்து இன்னொரு டிகோடர் புறப்பட்டிருப்பதாகச் செய்தி. அது வரட்டும், பார்ப்போம். விளக்கத் தாளை இம்முறை சிவகுரு வாசிப்பார், நான் கேட்பேன்.

இந்தப் பத்தி முழுவதும் நீல மையில் எழுதப்பட்டது. வேறு பேனா என்னிடம் இல்லை.