ஓட்டாத வண்டியில் குறைந்த பேட்டரி

அந்த சைக்கிள் கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர் முதலாளி. அவள் மெக்கானிக்காகச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. இதுவரை எந்த வாடிக்கையாளர் சொன்னதையும் முதல் தடவையில் நம்பியதில்லை. "சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன், தானா வளைஞ்சிருச்சு" என்று சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பூதக்கண்ணாடி ரிம்மை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "நடைபாதை விளிம்புல மோதியிருக்கீங்க. வலது பக்கமா விழுந்திருக்கீங்க. முழங்கை எப்படி இருக்கு?" என்பாள். வந்தவர் மெல்லச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார். உலகத்தில் தானாக எதுவும் கெடாது என்பது அவள் கட்சி.

கடையில் இந்தக் குணத்துக்கு மரியாதை உண்டு. வீட்டில் கணவர் பாடுதான் திண்டாட்டம். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டதால், சந்தேகம் மொத்தமும் அவர் ஒருவர் தலையிலேயே விடிந்தது.

வாத்தியாருக்கு விடுமுறை நாளில் மலைப்பாதை ஏறும் பைத்தியம். ஐம்பது வயதில் ஆசைப்பட்டு ஒரு மின்கியர் சைக்கிள் வாங்கினார். அதில் கியர் மாற்ற இழுக்கும் கம்பி கிடையாது. கைப்பிடியில் இடமும் வலமும் இருக்கும் பொத்தானைத் தொட்டால் போதும், பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் குட்டி மோட்டார் சங்கிலியை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். நாலு மாதத்துக்கு முன்னால் அந்த வண்டியில் மலை ஏறும்போதுதான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்தார். இதயக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி சொல்லும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

மூன்று வாரம் முன்பு ஒரு காலையில், கூடத்தில் நின்ற வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி வாத்தியார் வெகுநேரம் நிற்பதை அவள் பார்த்தாள். மறுபடி மலைக்குக் கிளம்பிவிடுவார் என்று பட்டது. அன்றே வண்டியைப் பின்பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே செருகி, அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதற்கு முன் பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றினாள். அவர் திருட்டுத்தனமாக ஓட்டினால் பேட்டரி காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

அதைப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏதாவது ஒரு பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு எரியும். நிலையாகப் பச்சை என்றால் நிறைய இருக்கிறது. பச்சை சிமிட்டினால் பாதி. நிலையான சிவப்பு என்றால் கால்வாசி. சிவப்பு சிமிட்டினால் வண்டியை உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டியதுதான். தினமும் கடைக்குக் கிளம்புமுன் அவள் அறையைத் திறப்பாள். அலமாரியைத் தாண்டிக் கையை நீட்டினால் இடது பொத்தான்தான் எட்டும். அதை அழுத்திப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒன்பது நாள் பச்சை. பத்தாம் நாள் பச்சை சிமிட்டியது.

ஒரு தடவை ஏற்றிய சார்ஜ் ஆயிரம் கிலோமீட்டர் வரும். பாதி போயிருக்கிறது என்றால், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் மனுஷன் பத்து நாளில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார் என்று ஆகிறது. வேறு யாராக இருந்தாலும் கணக்கில் எங்கோ கோளாறு என்பார்கள். பூதக்கண்ணாடி, இவர் கள்ளச் சாவி செய்திருக்கிறார் என்றாள்.

அன்று மாலை விசாரணை தொடங்கியது.

"இன்னிக்கு எங்க போனீங்க?"

"பால் வாங்க."

"எதுல போனீங்க?"

"கால்லதான்."

"நடந்து போனவருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"நீ கேக்குற கேள்வியிலதான் வாங்குது."

மறுநாள் டயரிலும் தரையிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தாள். வண்டி நகர்ந்தால் கோடு விலகிவிடும். கோடு அப்படியே இருந்தது. அவளுக்கு நிம்மதி வந்ததா? இல்லை. ஓட்டிவிட்டு வந்து திரும்பக் கோடு போட்டிருப்பார்; கணக்கு வாத்தியாருக்குச் சாக்பீஸுக்கா பஞ்சம்? சந்தேகம் வந்துவிட்டால் சாட்சியும் எதிர்க்கட்சிதான்.

பதினாறாம் நாள் விளக்கு சிவப்பானது. அன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. செய்தித்தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்தாள்.

"நீங்க பாட்டுக்கு ரோட்டுல விழுந்து செத்துப்போயிட்டா, நான் என்ன பண்றது? அதைக் கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தீங்களா?"

"நான் ஓட்டலம்மா" என்றார் வாத்தியார். அதோடு சரி. சத்தியம் செய்யவில்லை, கோபப்படவில்லை. உதட்டோரம் ஓர் அரைச் சிரிப்பு வேறு. குற்றவாளிக்கு வரும் சிரிப்பு அது என்று அவள் முடிவு கட்டினாள். அந்த வாரம் முழுக்கத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபத்திரண்டாம் நாள் கடைக்கு ஒரு வங்கி குமாஸ்தா வந்தார். அவருடையதும் மின்கியர் வண்டிதான்.

"ரெண்டு வாரமா தொடவே இல்ல. பேட்டரி மொத்தமும் காலி."

"எங்க நிறுத்துறீங்க?"

"மாடிப்படிக்குக் கீழ."

"ரொம்பக் குறுகலான இடமா? கைப்பிடி சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குதா?"

"ஆமா."

"அதான் விஷயம். பொத்தான் சுவத்துல அழுந்திக்கிட்டே இருந்திருக்கு. யாரோ கியர் மாத்துறாங்கன்னு நெனச்சு வண்டி ராப்பகலா முழிச்சுக்கிட்டே இருக்கும். ஒருத்தரும் ஓட்ட வேணாம், அதுவாவே பேட்டரி…"

பாதியில் நிறுத்தினாள். கையில் இருந்த ஸ்பேனரைப் பெஞ்சில் வைத்தாள். முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, மத்தியானமே வீட்டுக்கு நடந்தாள்.

இரும்பு அலமாரியை மூச்சுப் பிடித்து நகர்த்தினாள். வலது பக்கத்துப் பொத்தான் சுவரில் நன்றாகப் புதைந்திருந்தது. சுண்ணாம்பில் விரல்நுனி அளவுக்கு ஒரு பள்ளம். இருபது வருடமாக ஊராருக்கெல்லாம் கைப்பிடியைச் சுவரில் ஒட்டி நிறுத்தாதே என்று ஓதியவள், தன் கையாலேயே செருகி வைத்திருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

மருத்துவ விடுப்பில் இருந்த வாத்தியார் ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார். அவள் எதிரே போய் நின்றாள்.

"நான்தான் தப்பு பண்ணேன். பொத்தான் சுவத்துல அழுந்தியிருக்கு. நீங்க ஓட்டல."

"அதைத்தான் நான் சொன்னேன்."

"சொன்னீங்க. ஆனா சொல்ற மாதிரி சொல்லல. சத்தம் போட்டிருந்தா நான் நம்பியிருப்பேன். எதையோ மறைக்கிறீங்கன்னுதான் எனக்குப் பட்டுச்சு."

வாத்தியார் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"மறைச்சேன்தான். போன மாசம் நான் தனியா செக்கப்புக்குப் போனேனே, அப்பவே டாக்டர் ஓட்டலாம்னுட்டார். சமதளத்துல, மெதுவா. உங்கிட்ட சொல்லல."

"ஏன்?"

"சொன்னா, டாக்டரே சொல்லிட்டாரே, போய் ஓட்டுங்கன்னுவே. எனக்கு பயமா இருக்கு. அன்னிக்கு கூடத்துல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஒரு காலைத் தூக்கிப் போட முடியல."

கணவர் சொன்னதை முதல் தடவையிலேயே அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க ஏதாவது கிடைக்குமா என்று அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் இல்லை. அவர் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அப்போ நான் அவ்வளவு பேசினப்போ ஏன் சிரிச்சீங்க?"

"ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்தா நாற்காலியை இழுத்துப் போடுறாங்க. நீ ஒருத்திதான், நான் பூட்டை ஒடச்சு மலை ஏறிட்டு வந்திருப்பேன்னு நெனச்சே" என்றார் அவர். "அதைக் கெடுக்க மனசு வரல."