தகடு பற்றவைக்கும் முன் கேட்ட கேள்வி

அறுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். சிவகாசிப் பக்கம் நானும் அண்ணனும் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்தி வந்தோம். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பருத்தி வண்டி ஒன்றை முந்தப்போனேன். அதன் அச்சு என் காரின் பின்பக்க மட்கார்டைக் கிழித்துவிட்டது. தப்பு என்னுடையது, திட்டியது வண்டிக்காரரை.

மாப்பிள்ளை வீட்டாரை விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும். மானம் போய்விடுமே என்று சாத்தூர் ரோட்டில் இருந்த டிங்கர் பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் என்னைவிட இளையவர். அந்தத் தகடு போல்ட்டில் நிற்பதல்ல, காரின் உடம்போடு பற்றவைத்தது, வெட்டியெடுத்துப் புதிதாக வைத்து கேஸ் வெல்டிங் செய்ய வேண்டும் என்றார். பிறகு கேட்டார்:

"வண்டியில மருந்து ஏத்துனீகளா அண்ணாச்சி?"

மருந்து என்றால் எங்கள் ஊரில் வெடிமருந்து. சீசன் அவசரத்தில் ஏழெட்டுத் தடவை டிக்கியில் கொண்டுபோயிருந்தேன். சொன்னால் முழுக்கக் கழுவிக் காயவைத்துத்தான் தொடுவார், ஒரு நாள் போய்விடும். வெளியே தெரிந்தால் வம்பு வேறு. இல்லவே இல்லை என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

அவர் நம்பிவிட்டார். கிழிசலுக்குள் கையை விட்டுத் துழாவினார். சாமி காலண்டர் அடிக்கும் அச்சாபீஸின் கழிவுத் தாளில் சாமி படம் இல்லாததாகப் பார்த்தெடுத்து, நல்ல பக்கத்து மட்கார்டில் வைத்து அளவெடுத்தார். தட்டையான தகட்டைத் தட்டித் தட்டியே அந்த வளைவைக் கொண்டுவந்தார். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கேஸைப் பற்றவைத்துப் பழசை வெட்ட வேண்டியதுதான். அப்போது அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். கல்யாணத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவராம். கணவர் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வந்தவர், ஊற்றாமல் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கில் வெள்ளியாக ஏதோ மினுங்கியது.

அந்தம்மா நேரே காரிடம் போனார். கிழிசலுக்குள் தாளை விட்டு ஒரு சிட்டிகை வழித்தெடுத்தார். தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்து, நீளமான ஓலையில் நெருப்பைக் கொளுத்தி நீட்டினார். கண் கூசும் வெள்ளை வெளிச்சம் ஒன்று எழுந்து அடங்கியது. டிக்கியிலிருந்து சிந்திய மருந்து தகட்டு மடிப்புக்குள் கைப்பிடிக் கணக்கில் இருந்தது.

அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பின் சீட்டைக் கழற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் ஓட ஓட உளியாலேயே பழைய தகட்டை வெட்டியெடுத்து, மூலை முடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார்கள். ஒரு நாள் காயவைத்த பிறகு, கேஸைத் திறக்கும் முன் அவர் என்னைப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. வேற எங்கனயாச்சும் வச்சீகளா?"

பொய் சொன்னவனிடம் மறுபடியும் கேட்கிறார்! தீப்பிடித்தால் போட்டு அணைக்க, அவர் மனைவி ஈரச் சாக்கோடு பக்கத்திலேயே நிற்கிறார். என் ஒரு வார்த்தையை நம்பி இரண்டு உயிர். கண்ணை மூடி யோசித்தேன். ஒரே ஒரு தடவை, முன் சீட்டுக்கு அடியிலும் ஒரு பை வைத்தது நினைவுக்கு வந்தது. சொன்னேன். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் காத்திருப்பு.

மாலையில் நெருப்பைப் பற்றவைத்தபோது என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஈரச் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். நீல நெருப்புக்கு முன்னால் பழைய இரும்பும் புது இரும்பும் உருகி ஒன்றானதைப் பார்த்தேன். ஆறிய பிறகு தடவினால் விரலுக்கு இணைப்பே தட்டுப்படவில்லை.

பெயின்ட் அடிக்க நேரமில்லை. புது மட்கார்டு தகட்டு நிறத்திலேயே இருக்க, வண்டி ஸ்டேஷனுக்குப் போயிற்று. அது ஏன் என்று மாப்பிள்ளையின் அப்பா விசாரித்தார். என் பொய்யையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

இன்றும் யாராவது என்னிடம் ஒன்று கேட்டால், அந்தச் சாக்கின் மறுமுனை என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.