புக் இல்லாத கார்

எங்கள் தெருவுக்கு முதன்முதலாக வந்த கார், புக் இல்லாமல்தான் வந்தது. கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் குடியாத்தத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் ஒரு ஜோடிக் காளையுமாக இருந்தவர். திடீரென்று ஒருநாள் காளைகளை ஆம்பூருக்கு ஓட்டிப்போய் ஒரு தோல் வியாபாரியிடம் விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் கிடைத்த பழைய ஸ்டேஷன் வேகனில் கால்மேல் கால் போட்டபடி வந்து இறங்கினார். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிச் சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காருக்கு முன்பாதி இரும்பு, பின்பாதி மரம். பின்னால் அலமாரி மாதிரி இரண்டு கதவுகள் திறக்கும். முதலில் யாரோ ஒரு துரை வைத்திருந்தாராம். அவர் ஊருக்குப் போகும்போது ஒரு டாக்டருக்குக் கொடுத்தாராம், டாக்டர் இந்தத் தோல் வியாபாரி ஆம்பூர் பாய்க்குக் கொடுத்தாராம். பாய் அதில் தோலும், தோல் பதனிட ஆவாரம்பட்டையும் ஏற்றியிருக்கிறார். உள்ளே தலையை நீட்டினாலே நாற்றம் குடலைப் பிடுங்கும். நான் அதைத்தான் சீமை வாசனை என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

பாயின் டிரைவர் காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டான். மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. அவர் ஊருக்குப் போவது மாட்டுவண்டித் தடம். அதனால் கார் எங்கள் தலையில் விழுந்தது.

அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, வண்டியைப் பதிவு செய்த ஆர்.சி. புக் எங்கே என்று கேட்டார்.

"இன்னா மாமா இப்டி கேக்கறீங்க?" என்றார் என் மாமா. அக்கா புருஷனான அப்பா அவருக்கு மாமா. "மாட்ட விக்கிறவன் கயித்தயும் சேத்தா குடுக்கறான்? வாங்கறவன்தான் புதுசா போட்டுக்கணும். புக்கும் அப்டிதான். நான் கயித்த குடுக்கல, பாய் புக்க குடுக்கல. சரிக்குச் சரி."

எங்கள் பக்கத்தில் மாடு விற்றால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கயிறும் கூடப் போனால் கொட்டகையின் ராசி போய்விடும் என்று பயம். மாமாவின் தோளில் அந்தப் பழைய கயிறுகள் இரண்டும் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா அவற்றைப் பார்த்தார், காரைப் பார்த்தார், காரின் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. காருக்குக் கயித்துக்காரு என்று பேரும் வைத்தாகிவிட்டது.

புக் இல்லாத கார் ரோட்டில் ஏறினால் பிடித்துப்போய்விடுவேன் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். வேலூரில் அப்பா விசாரித்ததில், பழைய சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் வேறு புக் போட முடியாது என்றார்கள். துரை சீமையில் இருந்தார், டாக்டர் எங்கே இருந்தார் என்று பாய்க்கே தெரியவில்லை. ஆக, கார் தெருவிலேயே நின்றது.

எங்கள் தெருவோ நெசவுத் தெரு. விடிந்தால் தறிக்குப் போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டிக் கஞ்சி போட்டாக வேண்டும். நட்டநடுவில் கார். தினமும் காலையில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் மாமாவைத் திட்டிக்கொண்டே அதைத் தெருக்கோடிக்குத் தள்ளுவார்கள். ஒருநாள் யாரோ பாவின் ஒரு முனையைக் காரின் பம்பரில் கட்டிப் பார்த்தார். நட்டுவைத்த கம்பத்தைவிட அது கெட்டியாக நின்றது. அன்றோடு திட்டுவது கொஞ்சம் கம்மியாயிற்று.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. மாமாவின் கிணற்றில் வாளி தரையில் இடிக்கும். வைக்கோல் போர் இருந்த இடத்தில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. என்றாலும் என்றைக்காவது மழை வரத்தானே செய்யும்? "மழ வந்தா எத்த வச்சிடா ஏரு ஓட்டுவ, இந்தக் கட்ட வண்டியயா?" என்று அம்மா கேட்பாள். மாடில்லாமல் நிலம் தரிசாகி, தம்பி நிலத்தை விட்டுவிட்டுக் கூலித் தறியில் வந்து உட்கார வேண்டியதுதான் என்பது அவள் கவலை.  மாமா சனிக்கிழமை தவறாமல் ஆம்பூர் பஸ் ஏறுவார், புக் கேட்கப் போகிறேன் என்று. வெறுங்கையோடு வருவார். வரும்போது முகம் மட்டும் கல்யாணவீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

என் கவலை வேறு. ஆம்பூர் என்றால் தோல் என்று எனக்குத் தெரியும். அப்பா வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், உன் மாமன் காளை செருப்பாகித் திரும்பி வரும் பார் என்று சொல்லிவைத்தார். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் அவர்கள் விட்ட செருப்பை உற்று உற்றுப் பார்ப்பேன். மாமாவின் செவலைக் காளையின் நிறத்தில் ஒரு ஜோடி கண்ணில் பட்ட அன்று அழுது ஊரைக் கூட்டிவிட்டேன். அழுகையை நிறுத்த வேறு வழி இல்லாமல், அடுத்த சனிக்கிழமை மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பாயின் மண்டிக்குப் பின்னால் ஆவாரம்பட்டை மலையாகக் குவிந்திருந்தது. அதற்குப் பக்கத்துக் கொட்டகையில் எங்கள் காளைகள் இரண்டும் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. பட்டை வண்டி இழுப்பதுதான் அவற்றுக்கு வேலையாம். கொம்புகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. செவலை மாமாவின் குரல் கேட்டதும் தின்பதை விட்டுவிட்டுக் கையை நக்கியது.

பாய் நல்ல உயரம், பக்கத்தில் வந்தாலே அத்தர் மணக்கும். எனக்குக் கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு மாமாவிடம் சொன்னார். "புக்கு கெடைக்காது தம்பி. உனக்குதான் பேஜாரு. காரக் கொண்டாந்து உட்டுட்டு மாட்ட ஓட்டிக்கினு போய்டு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமாவோ செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "இருக்கட்டும் பாய். இன்னும் கொஞ்ச நாளு புக்குக்குப் பாக்கலாம்" என்றார்.

பாய் அவரையும் செவலையையும் பார்த்தார். "சரி தோஸ்த், மெதுவாவே பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கட்டு வைக்கோலைக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். தானாக வந்த மாட்டை வேண்டாம் என்கிறானே என்று அப்பா மறுபடி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாடு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். கொழுகொழுவென்று இருக்கிறது என்றேன். அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஏரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை மாமா ஆம்பூருக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறையப் புண்ணாக்கு கொடுத்தனுப்பினாள். புக் கேட்கப் போகிறவருக்குப் புண்ணாக்கு எதற்கு என்று கேட்டேன். போய்ப் படி என்றாள்.

இப்போது நினைத்துப் பார்த்தால், தன் கொட்டகையில் மாடுகள் பட்டினி கிடக்கின்றன என்று சொல்ல மாமாவுக்கு வாய் வந்திருக்காது. சந்தையில் விற்றால் யார் கைக்குப் போகுமோ என்றும் இருந்திருக்கும். தீனி போட முடிந்த ஒரு மனிதரைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் காருக்கு புக் இல்லை என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வக்கற்றவன் என்று பேர் வாங்குவதைவிட முட்டாள் என்று பேர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ஒரு தெருவே சிரித்ததை அந்த மனிதர் எப்படித்தான் தாங்கினாரோ.

மழை வந்தது. போலீஸ்காரர் வெளியே தலைகாட்டாத அளவுக்குக் கொட்டிய ஒருநாள் பாயின் டிரைவர் வந்து காரை எடுத்துப்போனான். பாவு கட்டத் தெருக்கோடியில் பழையபடி கம்பம் நட்டார்கள். நான் காருக்காக அழுதேன். மறுநாள் மாமா அந்தப் பழைய கயிறுகளைப் போட்டே காளைகளை எங்கள் தெரு வழியாக ஓட்டிவந்தார். மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பச்சைக் கொம்புகளைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

"அப்போ புக் வந்துடுச்சா மாமா?" என்று கேட்டேன்.

"வந்துடுச்சி பாப்பா" என்றார்.

அவர் தோளில் தொங்கிய பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். புண்ணாக்குத் தூள்தான் விழுந்தது, அதையும் செவலை நக்கிவிட்டது. இல்லாத புக்கை வந்துவிட்டது என்று சொன்ன மாமாவோடு பேசக்கூடாது என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.