கண்ணாடி வைத்து எடுத்த படம்

வில்லியனூருக்குத் தெற்கே நாற்று நடப் போகிற பெண்களில் அன்னாமேரிக்கு மட்டும் ஒரு வெளிநாட்டு உறவு இருந்தது. அவள் மகள் இன்பமேரி கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தாள். சோறு, துணி, புத்தகம் எல்லாம் பிரான்சிலிருந்த ஓர் அம்மாளின் தயவு. அந்த அம்மாளை விடுதியில் 'மர்ரேன்' என்பார்கள். அப்படியென்றால் என்னவென்று அன்னாமேரி கேட்டபோது, விடுதி மதர் ஞானத்தாய் என்று சொல்லிவிட்டார். படிக்க வைக்கிறவளுக்கும் ஞானத்தாய்க்கும் பிரெஞ்சில் ஒரே வார்த்தையாம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஞானத்தாய் என்றால் சும்மாவா? ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்துகிறவள், வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் சொல்ல வேண்டியவள். ஆனால் மர்ரேனுக்கு அனுப்ப வருஷா வருஷம் மதர் எடுக்கும் படம் அன்னாமேரிக்குப் பிடிக்கவே இல்லை. ரிப்பனை அவிழ் என்பார், பவுடரைத் துடை என்பார், நிறம் போன பாவாடையோடு சுவரோரம் நிறுத்துவார். தாய்க்குச் சமமானவள் பார்க்கிற படத்தில் பிள்ளையை இப்படியா பிச்சைக்காரி போலக் காட்டுவார்கள்?

எழுபத்து நான்கில், எட்டாவது படிக்கும்போது இன்பமேரி வயதுக்கு வந்தாள். வீட்டுக்கு அழைத்து வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கு இதெல்லாம் உண்டா என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்கட்டும். தாய்மாமன் பட்டுப்புடவை எடுத்தான். நிலத்துக்காரர் மனைவி தையலம்மாள் தன் அட்டிகையையும் வளையலையும் ஒரு நாளைக்கு இரவல் தந்தாள். ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியும் ஸ்டூடியோக்காரனின் கவரிங். முதுகுப்பக்கம் கண்ணாடி வைத்து, முகமும் பூத் தைத்த சடையும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தான்.

அதில் ஒன்றை மர்ரேனுக்கு அனுப்பாமல் அன்னாமேரிக்கு மனசு ஆறவில்லை. மதரிடம் கொடுத்தால் அனுப்பமாட்டார். ஊரில் பிரெஞ்சு தெரிந்த மரியதாஸிடம் போனாள். மர்ரேனின் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்த உறையைப் பார்த்து அவர் விலாசம் எழுதினார். கூட இரண்டு வரி எழுதட்டுமா என்றும் கேட்டார்.

"எதுக்குண்ணே? கொயந்த பெரிய மனுஷி ஆயிட்டான்னு படத்தப் பாத்தா தெரியாதா?" என்றாள் அன்னாமேரி.

அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. கோடை விடுமுறை முடிந்து மகளை விடுதியில் கொண்டுபோய்விட்ட அன்று மதர் அன்னாமேரியைத் தனியாக அழைத்தார். இத்தனை சின்ன வயதில் கல்யாணம் செய்துவிட்டார்களே என்று மர்ரேன் நொந்து எழுதியிருந்தாளாம். அவ்வளவு நகை போடுகிற வீட்டுக்குத் தன் உதவி தேவையில்லை என்றும், இனி வேறோர் ஏழைப் பெண்ணைப் படிக்க வைப்பதாகவும் எழுதியிருந்தாள். ஆனாலும் நல்ல மனசு. போன இடத்தில் பெண் நன்றாக இருக்கட்டும் என்று வெள்ளை லேஸ் முக்காடு ஒன்றும் அனுப்பியிருந்தாள்.

நகை இரவல், அது கல்யாணமே இல்லை என்று அன்னாமேரி அழுதாள். மதருக்கும் கண் கலங்கியது.

"நான் அப்பவே எழுதிட்டேன், அன்னாமேரி. அவங்க நம்புறாங்க. ஆனா அதுக்குள்ள வேற பொண்ண எடுத்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்டேயிருந்து எப்படிப் பிடுங்கறது?"

விடுதியில் மர்ரேன் கிடைக்கக் காத்திருந்த பிள்ளைகளோ ஏராளம்; இன்பமேரி விடுதியை விட்டு வீடு திரும்பினாள். வயதுக்கு வந்த பெண்ணைத் தினம் பஸ் ஏற்றி வில்லியனூர்ப் பள்ளிக்கு அனுப்பத் தாய்மாமன் ஒப்பவில்லை. இன்பமேரி அம்மாவோடு சேற்றில் இறங்கினாள். எத்தனை நாளைக்கு இப்படி என்று பயந்து, பதினாறு முடிவதற்குள் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

கோயிலில் அந்த லேஸ் முக்காட்டைத்தான் போட்டார்கள். படம் எடுக்க அதே ஸ்டூடியோக்காரன் வந்திருந்தான். எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டான். அன்னாமேரி ஒன்று போதும் என்றாள்.

"மர்ரேனுக்கு ஒண்ணு அனுப்புமா," என்றாள் இன்பமேரி. "இது நெசமாவே கல்யாணந்தான."

அன்னாமேரி முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் மகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.