நீச்சல் பழக வேண்டும் என்றவள்

“எனக்கு நீச்சப் பழகணும் டீச்சர்” என்று அந்தச் சிறுமி சொன்னது இரண்டாம் வகுப்பில். தடுப்புக்கு இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த என் காதிலும் அது விழுந்தது. முந்தைய கோடையில்தான் அவளுடைய அண்ணன், எங்கள் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு படித்தவன், ஊருக்குக் கிழக்கே இருந்த கல்குவாரியில் மூழ்கி இறந்திருந்தான்.

அன்னவாசலிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் அது. பாறையை வெட்டிக் கொண்டுபோனவர்கள் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். மழைநீர் தேங்கி, கோடையிலும் வற்றாமல், பச்சையாக அசைவின்றிக் கிடக்கும். வேலி கிடையாது. ஆழம் எவ்வளவு என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. கலெக்டர் ஆவேன், டாக்டர் ஆவேன் என்று பிள்ளைகள் சொன்னால், “அது பெறகு. பொங்கலுக்குள்ள நீயா என்ன செய்வே, அதச் சொல்லு” என்பார். சட்டைப் பொத்தானைத் தானே போடுவேன் என்பான் ஒருவன். அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கொடுப்பார். “அடுத்த படிக்குப் போறதுக்கு முந்தி, இப்ப எங்க நிக்கிறோம்னு பாக்கணும்” என்று அவர் சொல்வது தடுப்பைத் தாண்டித் தினமும் கேட்கும்.

தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. “தண்ணிப் பேச்சே வேணாம் டீச்சர். அந்தப் பிள்ளைக்கு வேற ஏதாச்சும் சொல்லுங்க” என்றார்.

“வேணாம்னா தனியாப் போயிரும் சார்” என்றார் டீச்சர்.

அண்ணனைக் கொண்டுபோன தண்ணீருக்குப் பயந்துதான் கேட்கிறாள் என்று டீச்சர் நம்பினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுடைய அத்தையிடம் பேசி, அவர்கள் வயல் கிணற்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழக ஏற்பாடு செய்தார். முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு இறங்கியவள் கார்த்திகையில் கேன் இல்லாமலே நீந்தினாள். திங்கட்கிழமை டீச்சர் அதைச் சொன்னதும் வகுப்பே கைதட்டியது. அவள் சிரிக்கவில்லை. “உள்ளுக்குள்ள ரொம்ப நேரம் மூச்சுப் பிடிக்கிறது எப்புடி டீச்சர்?” என்று கேட்டாள். அன்று மதியம் டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்கழியில் ஒருநாள் இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவளுடைய பை வகுப்பில் இருந்தது, ஆளைக் காணோம். டீச்சர் என்னைப் பார்த்தார். இருவரும் கிழக்கே ஓடினோம்.

சரளை மேட்டில் ஏறியதும் தண்ணீரோரம் மடித்து வைத்த யூனிஃபார்ம் தெரிந்தது. தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை. எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. டீச்சர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எதிர்ப்பாறையில் பட்டு அதுதான் திரும்பி வந்தது. பிறகு, ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து, தலையில் நீர் சொட்ட அவள் எழுந்து வந்தாள்.

“மூச்சுப் பத்தல டீச்சர். பாதி ஆழந்தான் போக முடியுது. அதான் ஏறிட்டேன்.”

“அடியில என்னடா இருக்கு?”

“அண்ணன் செருப்பு. அன்னைக்கு ஒண்ணுதான் கெடச்சுச்சு. அம்மா அத வாசல்லயே போட்டு வச்சிருக்கு. இன்னொண்ணும் வந்துட்டா அழுகாது.”

டீச்சர் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினார். நிற்கும் இடத்தைப் பார்க்கக் கற்றதால்தான் அவள் கரையேறினாள். இறங்குவதற்கான தைரியமும் அதே பாடத்திலிருந்து வந்ததுதான். இதை டீச்சரே பின்னால் என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். தாய் எல்லாவற்றையும் கேட்டார். “நாந்தான் அனுப்பியிருக்கேன் டீச்சர்” என்றார். எழுந்து போய் வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

பொங்கலுக்குப் பிறகு அந்தச் சிறுமி வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாள், ஏழாம் வாய்ப்பாடு. தடுமாறாமல் ஒப்பித்தாள். அடுத்த ஆண்டு டீச்சர் மாறுதலாகிக் குளத்தூர்ப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சிறுமி இப்போது சைக்கிளில் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் பள்ளியைத் தாண்டித்தான் பாதை. இந்த வருஷ மழையில் குவாரி விளிம்புவரை நிரம்பிக் கிடக்கிறது. பள்ளியைத் தாண்டியதும் குவாரிக்குப் பிரியும் திருப்பத்தில் தினமும் அவள் சைக்கிள் மெதுவாகும். இறங்க மாட்டாள். ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி நிற்பாள். அவள் மறுபடி மிதிக்கும்வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.