நான் யப்பான் அதிகாரியாக இருந்த காலம்

ஒன்பது வயதில் சில மாதங்கள் நான் யப்பான் நாட்டின் குடிவரவு அதிகாரியாகக் கடமையாற்றினேன். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய பதவி எதுவும் எனக்கு வாய்க்கவில்லை. இப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் இருக்கிறேன். அங்கே என்னைக் கேட்டு யாரும் உள்ளே வருவதுமில்லை, வெளியே போவதுமில்லை.

யப்பானின் எல்லை அந்த நாட்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தது. வாப்பாவின் கதிரையில் நான் இருப்பேன். கால் நிலத்தில் எட்டாது. முன்னால் ஒரு பலாப்பலகை வாங்கு, அதன்மேல் முத்திரை குத்துவதற்கு ஒரு சிரட்டை. அஸர் தொழுகை முடிந்ததும் உம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கையில் ஒரு பையோடு வந்து வாங்குக்கு அந்தப் பக்கம் நிற்பார். எதற்காக எங்கள் நாட்டுக்கு வந்திருக்கிறாய் என்று நான் அதட்ட வேண்டும். அவர் இங்கிலீசில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் அந்தப் பாசையில் இருந்த பாண்டித்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதிகாரி நான் என்பதால் என்னுடையது தெரியவரவில்லை.

மாமா கடல் தொழில் செய்தவர். சொந்தமாக ஒரு வள்ளமும் இஞ்சினும் இருந்தன. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் எங்கள் கற்பிட்டிக் கரையிலும் கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் கிடைக்கிற நாளில் மீன் இராது. மீன் படுகிற நாளில் பாஸ் இராது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாமாவுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவரின் மகளைப் பேசினார்கள். தோட்டக்காரர் நல்ல மனிதர். மாப்பிள்ளையில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றும், ஆனால் நேவிக்காரன் கையிலிருக்கிற கடதாசியை நம்பி மகளைக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். மணலில் வெங்காயமாவது விளையும், கடலில் இப்போது என்ன விளைகிறது என்று கேட்டார். மற்றப் பிள்ளைகளைப் போல வெளிநாடு போய்க் கால் ஊன்றட்டும், நிக்காஹ் முடித்துவிடலாம் என்றார்.

மாமா வள்ளத்தை விற்றுக் காசைச் சிலாபத்தில் ஒரு ஏஜென்டிடம் கொடுத்தார். ஏஜென்ட் யப்பானைக் காட்டினான். அங்கே தொழிற்சாலைகளில் ஆள் போதாது; ஆனால் வேலைக்கென்று கேட்டால் விடமாட்டார்கள். சுற்றுலாப் பயணியாக இறங்க வேண்டும், பிறகு காணாமற்போக வேண்டும். காணாமற்போவது எங்கள் ஆட்களுக்குப் பெரிய காரியமல்ல. இறங்குவதுதான் கஷ்டம். விமான நிலையத்தில் ஒரு மனிதன், எதற்கு வந்தாய் என்று கேட்பான். பார்க்க வந்தேன் என்றால், எதைப் பார்க்க என்று கேட்பான். அந்த இரண்டாவது கேள்வியில்தான் எங்கள் ஆட்கள் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

மாமா வாப்பாவிடம் வந்தார். வாப்பா பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவர். யப்பானைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாடசாலை அலுமாரியில் யப்பானைப் பற்றி ஒரு புத்தகம் கிடப்பது தெரியும். அது பழங்காலச் சரித்திரம், முதற்பாகம். பானை செய்த காலத்தில் தொடங்கி, அரசவைச் சீமாட்டிகள் கதை எழுதிய காலத்தில் முடிந்தது. இரண்டாம் பாகம் எங்கள் பாடசாலைவரை வந்து சேரவில்லை. வாப்பா அதைக் குறையாக எடுக்கவில்லை.

“பழசப் பாக்கத்தான் மச்சான் மனிசர் நாடு விட்டு நாடு போற. புதுசு எல்லா இடத்திலயும் ஒண்டுதான்” என்றார்.

புத்தகம் முழுவதையும் அவர் ஒரு பக்க இங்கிலீசாகச் சுருக்கினார். மாமா அதைப் பாடமாக்கினார். பாடமாக்குவதற்கு மாமாவுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. ஓதப்பள்ளியில் குர்ஆன் படித்த வழி. சம்மணமிட்டு, முன்னும் பின்னும் ஆடியாடி, உரத்த குரலில், ஓர் எழுத்தும் பிசகாமல். பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துப் பிசகினால் பாவம் என்று படித்த கூட்டம் நாங்கள். வாப்பாவும் அதில் கண்டிப்பாக நின்றார். “கயிற்று அச்சுப் பதித்த பானைகளைக் காண எனக்குப் பேராவல்” என்ற பொருள்பட முதல் வசனம் தொடங்கும். அதில் பேராவல் என்பதற்கு வாப்பா போட்டிருந்த இங்கிலீசுச் சொல் மாமாவின் வாயில் நுழைய ஒரு கிழமை எடுத்தது.

ஓதி முடிந்ததும் வாப்பா தமிழில் பொருள் சொல்வார். அப்போதுதான் மாமாவுக்கு உயிர் வரும். ஜோமோன் காலத்து மனிதர்கள் கடற்கரையில் இருந்தார்கள். சிப்பியும் மீனும் தின்று, ஓடுகளை ஒரு பக்கம் குவித்தார்கள். ஈரப் பானையில் கயிற்றை உருட்டி அழகு பார்த்தார்கள். மாமா அவர்களை விட்டு நகர மறுத்தார். நம்மட ஆட்கள் என்றார். யாயோய் காலத்தில் நெல்லும் இரும்பும் வந்தன. கூடவே காணிச் சண்டையும் தலைவர்களும். தோட்டக்காரன் தலையெடுத்தால் கடற்காரனுக்குக் கரைச்சல்தான் என்று மாமா சொல்ல, எந்தத் தோட்டக்காரனைச் சொல்கிறாய் என்று உம்மா உள்ளேயிருந்து கேட்டார். கோபுன் காலத்தில் தலைவர்கள் மவுத்தானதும் சாவித்துவாரத்தின் வடிவத்தில் மலைபோல மண்மேடு எழுப்பிச் சுற்றிலும் மண் பொம்மைகளை நிறுத்தினார்கள். புதைத்த இடத்தில் இரண்டு மீசான் கட்டையை நட்டுக் காரியத்தை முடிக்கிற எங்களுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. அசுகா காலத்தில் புத்த சமயம் வந்தது. அரசன் இறந்தால் தீட்டென்று அரண்மனையையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். நாராவில் அலுத்துப்போய் ஓரிடத்தில் நிலையான தலைநகர் கட்டி, வெண்கலத்தில் பெரிய புத்தரை இருத்தினார்கள். அதையும் கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டு ஹெயானுக்குப் போனார்கள்.

ஹெயான் காலம் மாமாவுக்கு வெட்கத்தைக் கொடுத்தது. அங்கே ஆண்கள் பெண்களின் முகம் காணாமல் திரைக்கு இப்பால் இருந்தே கல்யாணம் பேசினார்கள். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். எங்கள் வழக்கமும் அதுதான். குறிஞ்சிப்பிட்டிப் பெண்ணை மாமா ஒரே ஒரு தடவை, அதுவும் கிணற்றடியில் தண்ணீர் வாளிக்குப் பின்னால், கண்டிருந்தார். எப்படிப்பட்ட மனிசர் மச்சான், ஆயிரம் வருசத்துக்கு முந்தி நம்மளப் போலவே இருந்திரிக்காங்க என்று வியந்தார். அந்தக் காலத்தின் பக்கத்தை அவர் மற்றப் பக்கங்களைவிட மெதுவாக ஓதினார்.

மாமாவின் தேர்ச்சி ஏஜென்டின் காதுக்கு எட்டியது. அவன் தன்னிடம் காத்திருந்த இன்னும் மூன்று பேரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினான். மாமா மறுக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைப் பிறருக்கு ஒளிப்பது அவர் குணமல்ல. மீன் படும் இடத்தைக்கூடப் பக்கத்து வள்ளத்துக்குக் கைகாட்டுகிறவர். விறாந்தை ஓதப்பள்ளியானது. நான்கு ஆண்கள் பாயில் சம்மணமிட்டு, ஒரே தாளத்தில் ஆடி, ஒரே குரலில் ஜோமோனிலிருந்து ஹெயான்வரை ஓதினார்கள். வீதியில் போகிறவர்கள் இது எந்த மார்க்கமென்று நின்று கேட்டார்கள். ஒருநாள் ஏஜென்ட் வந்து கேட்டுக் கண் கலங்கினான். ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. வாப்பா பெருமையாகத் தாடியைத் தடவினார். எல்லோருக்கும் சிரட்டையால் முத்திரை குத்தினேன்.

புறப்படும் நாளில் துஆ ஓதினார்கள். சுற்றுலாப் பயணிக்கு அடையாளமாக வாப்பா தன் பழைய கமெராவை மாமாவின் கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் ஃபிலிம் இல்லை. படம் எடுக்கவா போகிறான் என்றார்.

மாமா அந்தக் கிழமை முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

என்ன நடந்ததென்று எனக்குத் தெரியவந்தது, யுத்தமும் முடிந்து, மாமாவும் மவுத்தான பிறகு. கண்டக்குழியில் அலையில் பட்டம் விட்டு விளையாட வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஒரு சின்ன லொட்ஜ் வைத்திருந்தவர், மாஸ்டரின் மகனா என்று என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். பாயில் இருந்து ஓதிய நால்வரில் ஒருவர். சிரிக்காமல் சொன்னார்.

“முதல்ல நிண்டவன் ஒரு எழுத்துப் பிசகாம ஓதினான், தம்பி. கவுண்டர்ல இருந்த மனிசன் சந்தோசப்பட்டு எழும்பி நிண்டு தலையைக் குனிஞ்சாரு. ரெண்டாவது ஆளும் அதையே ஓதினான். அவரு தலையைக் குனியல்ல. மூணாவது நான். நான் ஆடத் தொடங்கினதும் அவரு பேனையை வச்சிட்டாரு. நாலாவது உங்கட மாமா. அவரு வாயத் திறக்க முந்தி அந்த மனிசனே கேட்டாரு, ‘ஜோமோன்?’ எண்டு. உங்கட மாமா ‘யெஸ்’ எண்டாரு.”

பிறகு ஓர் அறை. அதற்கு யன்னல் இல்லை. அங்கிருந்து நேராக விமானம். யப்பானின் வெயில் எப்படி இருக்குமென்றுகூட நால்வரில் ஒருவரும் காணவில்லை. இது ஊருக்குத் தெரியுமா என்று கேட்டேன். வந்து இறங்கிய அன்றே மற்ற மூன்று பேரும் தங்கள் வீடுகளில் சொல்லி அழுதுவிட்டதாகவும், பொழுது படுவதற்குள் கற்பிட்டி முழுவதும் தெரியுமென்றும் சொன்னார். உங்கட மாமா மட்டும்தான் அழவில்லை என்றார்.

அது உண்மை. மாமா பஸ்ஸிலிருந்து கமெராவோடு இறங்கினார். யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, “பாக்கப் போனேன், பாத்துட்டு வந்துட்டேன்” என்றார். உம்மா அவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். வாப்பா அலுமாரிப் புத்தகத்தைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு சரித்திரம் பற்றி வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

மாமா மறுபடி கடலுக்குப் போனார், முன்பு தன்னுடையதாக இருந்த வள்ளத்தில் கூலிக்கு. புதிய சொந்தக்காரனுக்கு இஞ்சினின் சீக்குத் தெரியாது. மாமா இல்லாமல் அது இயங்காது. அஸருக்குப் பிறகு கரையிலுள்ள வாடியில் வலை பொத்தும்போது யாராவது யப்பானைப் பற்றிக் கேட்பார்கள். மாமா சொல்வார். சாவித்துவார மேட்டை மணலில் விரலால் கீறிக் காட்டுவார். வெண்கலப் புத்தரின் உள்ளங்கையில் எத்தனை பேர் நிற்கலாமென்று சொல்வார். சீமாட்டிகள் பன்னிரண்டு உடுப்பை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தி, கையோரத்தில் எல்லா நிறமும் தெரியும்படி நடந்துபோனதைச் சொல்வார். கேட்கிறவர்கள் எல்லாரும் தாடி நரைத்த கடற்காரர்கள். வலையிலிருந்து கண்ணெடுக்காமல், ம், பிறகு, என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு நெஞ்சு நிமிரும். யப்பானைக் கண்டு வந்து சொல்கிற ஒரே மனிதர் என் மாமா. அவரை உள்ளே விட்டவன் நான்.

ஒருநாள் அந்தக் கூட்டத்துக்குக் குறிஞ்சிப்பிட்டித் தோட்டக்காரரும் வந்தார். கையில் ஒரு உரப்பையில் வெங்காயம். அதை மாமாவின் பக்கத்தில் வைத்துவிட்டு மணலில் குந்தினார். மாமாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அன்றைக்கு அவர் ஹெயானில் தொடங்கி, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிற வழக்கத்தைச் சொல்லி, நம்மளப் போலத்தான் என்று முடித்தார். எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் கரையில் ஓடிய இஞ்சின்கள் எல்லாம் யப்பானில் செய்தவை. பாலாவிச் சந்தியில் நிற்கிற வான்கள் எல்லாம் யப்பானிலிருந்து வந்தவை. ஆனால் மாமா சொல்கிற யப்பானில் எல்லாரும் நடந்துதான் போனார்கள், அல்லது மாட்டு வண்டியில் போனார்கள். பெரிய மனிதர் ஒருவர் வந்திருக்கும்போது நல்ல கேள்வியாகக் கேட்க வேண்டுமென்று நினைத்தேன்.

“மாமா, அங்க பஸ் ஓடல்லயா?”

வலை பொத்திக்கொண்டிருந்த கைகள் நின்றன. மாமா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். என் கேள்வி கஷ்டமானது போலும் என்று நினைத்தேன். அப்போது தோட்டக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மாமாவின் பக்கம் திரும்பினார். அதுவரை எங்கே கண்டாலும் மருமகன், மருமகன் என்று மாமாவின் முதுகில் தட்டிக் கதைக்கிறவர், அன்றைக்குக் கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆலிம்சாவிடம் சந்தேகம் கேட்பது போல மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“தம்பி, அந்தக் கபுறைச் சுத்தி மண் பொம்மை நிப்பாட்டினாங்க எண்டு சொன்னீங்களே. அது என்னத்துக்கு?”

மாமா பதில் சொல்லத் தொடங்கினார். மவுத்தானவர் தனியாக இருக்கக் கூடாதென்று என்றார். பொம்மைகளில் குதிரை இருக்கும், வள்ளம் இருக்கும், வீடுகூட இருக்கும் என்றார். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். தோட்டக்காரர் ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை. எழும்பும்போது மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மாமாவை முந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். உம்மா குசினியில் இராச்சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். குறிஞ்சிப்பிட்டி ஆள் வெங்காயம் கொண்டுவந்ததையும், கடைசிவரை இருந்து கதை கேட்டதையும், எவ்வளவு மரியாதையாக நடந்தார் என்பதையும் மூச்சுவாங்கச் சொல்லி, இனி நிக்காஹ் நிச்சயம் என்றேன்.

“மாமாவ என்னெண்டு கூப்பிட்டாரு?” என்று உம்மா கேட்டார்.

“தம்பியெண்டு.”

அரிசியில் இருந்த கை அப்படியே நின்றது. உம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, சந்தோசமாக இன்னொரு தரம், உரத்துச் சொன்னேன்.