சோறு போடும் நேரத்து சாக்ஸபோன்

மொன்றியலில் சாக்ஸபோன் வாசிக்கும் தமிழன் என்றால் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான்: கலியாணத்துக்கு வருவான், சினிமாப் பாட்டு வாசிப்பான், மட்டன் ரோல் தின்பான், போவான். இதையெல்லாம் நான் குறைவில்லாமல் செய்தேன், குறிப்பாக மட்டன் ரோல் விஷயத்தில்.

ஆனால் எனக்குப் பைத்தியம் சோல் இசைமேல். அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயத்தில் பிறந்து மதுச்சாலைக்கு இறங்கி வந்த இசை அது. இரண்டு இடத்துக்கும் தவறாமல் போகிற எனக்கு அது பிடித்ததில் அதிசயமில்லை.

வார நாட்களில் செயின்ட்-லோரன் பகுதிக் கிடங்கு ஒன்றில் பெட்டி ஏற்றினேன். சனி, ஞாயிறில் நான் பாண்ட் தலைவன். தலைவன் என்றால் வான் ஓட்டுவதும் ஸ்பீக்கர் தூக்குவதும் நான்தான். ட்ரம்ஸ்காரர் எங்கள் தேவாலயத்துக்கு வரும் தமிழர். பேஸ் கிட்டார் வாசித்தவர் செயின்ட்-மிஷேலில் இருந்த ஹெயிட்டிக்காரர்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், நகர மையத்துக் கிளப் ஒன்றின் மனேஜர் ஆசை காட்டினார். பாண்ட் வாசிக்கும் வீடியோ ஒன்று கொண்டு வா, பிடித்தால் வெள்ளிக்கிழமைகள் உனக்கு என்றார். எங்களைப் படம் பிடிப்பது கலியாண வீடுகளில் மட்டும். அங்கே சோல் வாசிக்க யார் விடுவார்? அடுத்த கலியாணத்தில் பெண்ணின் தகப்பனைப் பிடித்தேன்.

"அங்கிள், ஒரேயொரு இங்கிலீசுப் பாட்டு வாசிக்கட்டே?"

"சனம் எழும்பி ஆடுமோ?"

"கட்டாயம் ஆடும்."

"அப்ப இப்ப வேண்டாம். சாப்பாடு குடுக்கேக்கை ஊதும். ஒருத்தரும் கவனியாயினம்."

வீடியோ எடுப்பவரிடம் ஓடினேன். "அண்ணை, அந்த நேரம் எங்களை மட்டும் முழுசா எடுங்கோ."

"ஓம் தம்பி, நீர் ஊதும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அன்றைக்கு வாசித்ததுபோல நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. நடுவில் யாரும் மைக்கைப் பறித்து, வழியை மறித்து நிற்கும் காரின் நம்பரை வாசிக்கவில்லை. பிரியாணித் தட்டோடு போன ஒரு மாமி நின்று தலையாட்டினார். எனக்கு அது போதும்.

டிவிடி வந்ததும் மூவரும் என் வீட்டில் கூடினோம். எங்கள் பகுதி வந்தது. கழுத்து நரம்பு புடைக்க நான் ஊதுகிறேன். சாக்ஸபோனிலிருந்து ஒரு சினிமாப் பாடகி காதலில் உருகுகிறார். திரையின் மேலேயிருந்து கம்ப்யூட்டர் ரோசாப்பூ கொட்டுகிறது. ஸ்லோ மோஷனில் என் கன்னம் தவளைபோல ஊதி ஊதி அடங்குகிறது. ஹெயிட்டிக்காரர் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து வழுக்கி விழுந்தார்.

"அண்ணை, உங்கட குரல் இவ்வளவு இனிமை எண்டு தெரியாமப் போச்சே," என்றார் ட்ரம்ஸ்காரர்.

உடனே வீடியோக்காரருக்குப் போன் போட்டேன்.

"எங்கட சத்தம் எங்கையண்ணை?"

"எல்லாருக்கும் பாட்டுப் போட்டுத்தானே குடுக்கிறனான். உமக்கு நல்ல பாட்டாப் பாத்தெல்லோ போட்டனான்!"

"ஒரிஜினல் டேப்?"

"அதுக்கு மேலை ஒரு சாமத்திய வீடு எடுத்துப்போட்டன், தம்பி."

வயதுக்கு வந்த அந்தப் பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. மனேஜரிடம் போய், நேரில் வாசித்துக் காட்டுகிறோம் என்று கெஞ்சினேன். செவ்வாய் பின்னேரம் வரச் சொன்னார். செவ்வாய் பின்னேரம் ட்ரம்ஸ்காரர் தொழிற்சாலையில், ஹெயிட்டிக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலையில். லீவு கிடைத்தது தலைவனுக்கு மட்டும்.

கதிரைகளெல்லாம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்த கிளப்பில், ட்ரம்ஸுக்குப் பதிலாகக் குதிக்காலால் தரையைக் குத்திக்கொண்டு தனியாக வாசித்தேன். மனேஜர் முழுவதும் கேட்டார். நன்றாக இருக்கிறது, பாண்ட் எங்கே என்றார். வேலையில் என்றேன். வேலைக்குப் போகாத பாண்டாகப் பார்க்கிறேன் என்று சொல்லி, கதவுவரை வந்து மரியாதையாக வழியனுப்பினார். அந்த மரியாதைதான் பொறுக்க முடியவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

வெளியே வந்ததும் ட்ரம்ஸ்காரரின் போன்.

"என்னண்ணை, சரி வந்ததோ?"

"நான் நல்லாத்தான் ஊதினன்."

"அப்ப சரிவரேல்லை," என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார்.